பாதி கரண்டு, பாதி கக்கூஸ்

"லோடு மாத்துதேன்! எல்லாரும் கைய எடுத்துக்கோங்க!"

மேலகரத்தில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும் குரல். கொல்லைப்புறத்துத் தண்ணீர் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் சங்கரபாண்டி இப்படித்தான் வீட்டுக்குள் ஒரு சத்தம் கொடுப்பார். உடனே அடுப்படியில் காளீஸ்வரி கிரைண்டரை நிறுத்தியாக வேண்டும். மகள் நிவேதா பாதிச் சுடிதாரைத் தேய்த்திருந்தாலும் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கியாக வேண்டும். வீடு மொத்தமும் அடங்கிய பிறகுதான் அவர் கை மோட்டார் சுவிட்சுக்குப் போகும். அது சீராக ஓடும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டு, மனசு ஆறியதும், "ம், இப்ப ஒண்ணு ஒண்ணா போடுங்க" என்பார். ஒண்ணு ஒண்ணா என்பதில்தான் அழுத்தம். கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தாற்போல் கிளம்பிவிட்டால் மனிதருக்கு முகம் வாடிப்போகும்.

"ஈபிக்காரன் தாரான், நாம எடுக்கோம். இதுல உங்களுக்கு என்ன நோவு?" என்று காளீஸ்வரி கேட்காத நாள் கிடையாது.

"பழகிட்டு, காளி. அங்கன இப்படிச் செய்யலேன்னா எல்லாமே இருட்டாயிரும்."

அங்கன என்பது கொச்சி. அங்கே ஒரு பணக்காரரின் சொகுசுப் படகில், மோட்டார் யாட் என்பார்களே, அதில் மின்சாரத்தையும் கழிப்பறைகளையும் பார்த்துக்கொள்ளும் ஆள் இவர். ஊர்க்காரர்கள் கப்பல் என்கிறார்கள். "கப்பல் இல்ல அண்ணாச்சி, போட்டு. முதலாளி வீட்டு ஆளுக ஏறிச் சுத்தி வாரதுக்கு" என்று இவர் திருத்துவார். அடுத்த தடவையும் அவர்கள் கப்பல் என்றே கேட்பார்கள். தென்மேற்குக் காற்று கடலைப் புரட்டும் மாதங்களில் அந்தப் படகு வெளியே போகாது, கரையில் கட்டிக் கிடக்கும். ஆகவே குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சங்கரபாண்டி ஊருக்கு வந்துவிட்டார் என்று தெருவுக்குத் தெரியும். சீசன் முடிந்து அருவியில் கூட்டம் குறையும்போது, ஒரு பையோடு பஸ் ஏறுவார். புளியறை செக்போஸ்ட் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரரோடு மலையாளத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்.

படகு கரையில் நிற்கும்போது ஒரு தடித்த கேபிள் வழியாகக் கரையிலிருந்து மின்சாரம் வரும். கடலுக்குள் போனால் சொந்த ஜெனரேட்டர்தான். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடக் கூடாது. அதனால் புறப்படுமுன் ஏசி, வெந்நீர் ஹீட்டர், மின்னடுப்பு என்று ஒவ்வொன்றாக அணைத்து, கரைக் கரண்டைத் துண்டித்து, ஜெனரேட்டரைக் கிளப்பி, அது நிதானத்துக்கு வரும் வரை காத்திருந்து, மீட்டரைப் பார்த்து, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் எதுவுமே ஓடாது. அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா தலைமுடி காயவைக்கும் மெஷினின் பொத்தானை அமுக்கிப் பார்த்து, ஓடவில்லையென்று அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார். ஜெனரேட்டர் ஏறியதும் அதுவும் சேர்ந்து இழுக்கும், லோடு தாங்காமல் எல்லாம் அணைந்துபோகும். கேப்டன் மலையாளத்தில் திட்டுவார். முதலாளியம்மா ஆங்கிலத்தில் திட்டுவார். சங்கரபாண்டி தமிழில் சும்மா இருப்பார்.

இது பாதிதான். மறுபாதி கழிப்பறை. படகுக் கழிப்பறை நம் வீட்டுக் கழிப்பறையைப் போலப் பரந்த மனசுக்காரனில்லை. பொத்தானை அழுத்தினால் அடியில் ஒரு பம்பு கடகடவென்று அரைத்து எல்லாவற்றையும் ஒரு தொட்டிக்குத் தள்ளும். காகிதம், பஞ்சு, குழந்தைத் துணி என்று எது விழுந்தாலும் பம்பின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். துறைமுகத்துக்குள் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது. கரைக்கு வந்து, குழாய் மாட்டித்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். தண்ணீருக்குள் திறந்துவிடும் வால்வை யாரும் தெரியாத்தனமாகத் திருப்பிவிடாதபடி பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டிவைத்திருப்பார். தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டச் சின்ன விளக்குகள் உண்டு. அவற்றை அவர் நம்புவதில்லை. குனிந்து விரல்முட்டியால் தொட்டியைத் தட்டி, சத்தத்தை வைத்து அளவு சொல்வார். ஊரிலும் கை சும்மா இருப்பதில்லை. பக்கத்து வீட்டு மாடித் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்பிட்டு, மோட்டார நிறுத்துங்க" என்று கீழே சத்தம் கொடுப்பார். அவர்களும் நிறுத்துவார்கள், பாவம்.

அந்தத் தொட்டியில் சேர்வதற்குப் படகில் கருப்புத் தண்ணி என்று பேர். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் சாம்பல் தண்ணி. சங்கரபாண்டிக்கு இவை சாதாரண வார்த்தைகள். சாப்பாட்டுக்கு நடுவில், "இந்தத் தடவை கருப்புத் தண்ணி லைன்ல ஒரு அடைப்பு பாரு" என்று ஆரம்பிப்பார்.

"ரசம் ஊத்துத நேரம் பாத்துப் பேசுதீய பாருங்க," என்று காளீஸ்வரி கரண்டியோடு உள்ளே போய்விடுவாள். நிவேதாவுக்கு மட்டும் அருவருப்பு கிடையாது. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பிள்ளை. "அடைப்பு எங்கனப்பா இருந்துச்சு?" என்று கேட்டுவைப்பாள். அப்பாவும் மகளும் அப்புறம் ரசம் ஆறும் வரை பேசுவார்கள்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் உண்டு. கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு போனாலும் அது எட்டிப் பார்க்கும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பேச்சு கொடுத்தபடியே சுவிட்ச் போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. சுட்டால் காபி இறங்காது. அருவிக்குப் போனாலும் இதே கதைதான். பேரருவிக்கு முன்னால் எண்ணெய் வழிய நின்றுகொண்டு, முண்டியடிக்கும் கூட்டத்தில் நுழையாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். படகில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஷவரைத் திறந்துபோட்டுவிட்டுப் பாட்டுப் பாடும்போது, கீழே இறங்கிக்கொண்டே போகும் குடிநீர்த் தொட்டியைத் தட்டித் தட்டி அளவு பார்த்த மனிதர் அல்லவா! "பம்பும் இல்ல, பிரஷர் டேங்கும் இல்ல. யாரும் பாக்கவே வேண்டாம், அதுபாட்டுக்கு வருது," என்று பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவரிடம் சொல்லி அதிசயிப்பார்.

அவருடைய அப்பா மாடனுக்கு வயல்தான் தொழில். மகன் ஐடிஐயில் ஒயரிங் படித்து, செங்கோட்டை ரோட்டில் எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுசாகச் செம்புக் கம்பிச் சுருள் கட்டிக்கொண்டிருந்தவர், படகுகளுக்கு ஒயரிங் செய்ய ஆள் கேட்டார்கள் என்று மலை தாண்டிப் போனார். எலக்ட்ரீசியனாகத்தான் எடுத்தார்கள். கழிப்பறையும் கரண்டில் ஓடுகிற சாதனம் என்பதால் அதுவும் இவர் தலையில் விழுந்தது. முதல் தடவை பம்பைக் கழற்றியபோது வாந்தி எடுத்தேன் என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். இப்போது அந்தப் பம்பின் மேல் அவருக்கு ஒரு பிரியமே உண்டு. யாராவது என்ன வேலை என்று கேட்டால், "பாதி கரண்டு, பாதி கக்கூஸ்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். கரண்டு வேலையை மேலே இருப்பவர்கள் பாராட்டிவிடுவார்கள். இன்னொன்றை யாரும் பாராட்டுவதில்லை, தானே பாராட்டிக்கொண்டால்தான் உண்டு என்பது அவர் கட்சி.

படகில் விருந்தாளிகள் ஏறும் நாளில் அவர் ஆளே வேறு. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், ஏறும் பலகைக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்பார். செருப்பை எங்கே கழற்றுவது, உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது, எந்த சுவிட்சைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, கழிப்பறை எந்தப் பக்கம், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட வேண்டும். கேட்காமலே சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். மந்திரிகளுக்கு வேண்டியவர்கள், நகைக்கடை முதலாளிகள், புது மாப்பிள்ளைகள் என்று யார் ஏறினாலும் முகத்துக்கு நேரே அவர் சொல்லும் கடைசி வரி ஒன்றுதான்: "நீங்கள் சாப்பிட்டுச் செரித்ததைத் தவிர வேறு எதையும் உள்ளே போடக் கூடாது." வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, பேச்சு அவர் வாயில் தனியாகவே ஓடப் பழகிவிட்டது.

போன வருஷம் இந்தப் பாதிக் கக்கூஸ் வீட்டுக்குள் வந்து அடித்தது. நிவேதாவுக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்தது. எல்லாம் பேசியாகி, நாள் குறிக்கப் போகிற நேரத்தில் அந்த வீட்டார் பின்வாங்கினார்கள். காரணம் நேராக வரவில்லை, சுற்றிவளைத்து வந்தது: பெண்ணுடைய அப்பா கப்பலில் கக்கூஸ் கழுவுகிறாராமே? சங்கரபாண்டி அன்றைக்கு மோட்டார் போடும்போது குரல் கொடுக்கவில்லை. கிரைண்டர் ஓட ஓடவே போட்டுவிட்டுப் போய்க் கொல்லையில் நின்றார். கழுவுவதில்லை, பழுது பார்க்கிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. கழுவவும்தான் செய்கிறார். அதில் என்ன தப்பு என்று அவருக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் மகள் முகம் வாடியதற்குத் தான் காரணம் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அது அவரை அரித்தது.

இந்த வருஷ சீசனில் புளியங்குடியிலிருந்து இன்னொரு இடம் வந்தது. எலுமிச்சங்காய்க் கமிஷன் மண்டிக்காரர் இசக்கிமணி, அவர் மனைவி நாச்சியார், மகன் அருண்பாண்டி. பையனும் நிவேதாவும் போனில் பேசிப் பழகி, ஒருவருக்கொருவர் பிடித்துப்போயிருந்தது. வெளியே சொல்லவில்லையே தவிர, இந்த இடமும் தட்டிப்போனால் பிள்ளை தாங்காது என்பது பெற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"வேலை என்னன்னு கேட்டா எலக்ட்ரிக்கல்னு சொல்லுங்க. அதோட வாய மூடிக்கோங்க," என்றாள் காளீஸ்வரி.

"கேட்டாத்தானே?"

"கேப்பாக. கேட்டா எலக்ட்ரிக்கல். அந்தப் பாதி போதும். இன்னொரு பாதிய கல்யாணம் முடியட்டும், மைக் செட்டு கெட்டியே சொல்லிக்கோங்க."

சரி என்றார். உண்மையாகவே முயற்சி எடுத்தார். முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "எலக்ட்ரிக்கல். கொச்சியில. எலக்ட்ரிக்கல்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். நிவேதா அதைப் பார்த்துவிட்டு, "எப்பா, எனக்காக நீங்க ஒண்ணையும் மறைக்காண்டாம்" என்றாள். "நீ சும்மா இரு, ஏட்டி" என்று அம்மாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வருகிற வழியில் குற்றாலத்தில் ஒரு குளியலைப் போட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. சீசன் ஞாயிறு. அருவிக்கரையிலிருந்து மேலகரம் வரை வண்டிகள் நகராமல் நின்றன. காலையில் வர வேண்டியவர்கள் உச்சிவெயில் சாரலோடு மாறி மாறி அடிக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். காளீஸ்வரி வடையும் கேசரியும் செய்து மூடிவைத்திருந்தாள். சமையல் என்று தனியாக எதுவும் செய்யவில்லை. பேசி முடியாத சம்பந்தத்தில் யாரும் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள், பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். ஆகவே வீட்டு ஆட்களுக்கு மட்டும் சோறும் சுண்டவத்தல் குழம்பும் அடுப்படியில் இருந்தன.

வேன் வாசலில் வந்து நின்றது. கதவு திறந்து, நல்ல உடுப்புப் போட்ட மனிதர்கள் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். வாசல்படிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு நின்ற சங்கரபாண்டியின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"வாங்க, வாங்க. செருப்ப இங்கன கழட்டிக்கிடலாம். உள்ள போனதும் இடது பக்கம் ஃபேன் சுவிட்ச், அதத் தாராளமாப் போடலாம். மேல இருக்க சிவப்பு சுவிட்ச மட்டும் தொட வேண்டாம், அது மோட்டார். பாத்ரூம் பின்பக்கம், வலது கைப்பக்கம் ரெண்டாவது கதவு. லைட்டு வெளிய இருக்கு. தாழ்ப்பாள கொஞ்சம் தூக்கிப் போடணும். வாளியில தண்ணி இருக்கு, வேணும்னா வெந்நியும் வரும். உள்ள நீங்க சாப்பிட்டுச் செரிச்சதத் தவிர வேற எதையும் போடக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

இசக்கிமணி ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். மாப்பிள்ளைப் பையன் வானத்தைப் பார்த்தான். தாம்பாளத்தோடு வந்த காளீஸ்வரியின் முகத்தை வர்ணிக்க வேண்டாம், கல்யாணமானவர்களுக்கு அந்த முகம் தெரியும். 

"வலது கைப்பக்கம் ரெண்டாவதா?" என்று கேட்டார் நாச்சியார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பையை மகன் கையில் திணித்துவிட்டு, கூடத்தைத் தாண்டி, நேராகப் பின்பக்கம் போய்விட்டார்.

வெளியூர்ப் பயணம் என்றால் நாச்சியார் முந்தின நாள் மாலையோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறவர். குற்றாலத்தில் பெண்கள் கழிப்பறை வாசலில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வேனில் ஏறியிருந்தார். பெண் பார்க்கப் போன வீட்டில், அதுவும் மாப்பிள்ளையின் அம்மா, நுழைந்ததும் நுழையாததுமாக அதை எப்படிக் கேட்பது? கேட்காமல் அடக்கிக்கொண்டு, எப்போது எழுவார்கள் என்று பார்த்தபடி எத்தனை வீடுகளில் உட்கார்ந்திருந்தாரோ! திரும்பி வரும்போது புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்த முகத்தில் நிம்மதி வெளிப்படையாகத் தெரிந்தது. உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். நிவேதா கொண்டுவந்த செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு, அதையும் குடித்தார்.

காபி வந்தது. வடை வந்தது. ரோட்டு நெரிசல், சாரல், எலுமிச்சை விலை எல்லாம் பேசியாயிற்று. இசக்கிமணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சிக்குக் கப்பல்ல என்ன வேலை?"

"எலக்ட்ரிக்கல்," என்றாள் காளீஸ்வரி, கணவர் வாயைத் திறக்கும் முன்னால்.

சங்கரபாண்டி மகளைப் பார்த்தார். அவள் அடுப்படி வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். சொல்லுங்க என்றா, வேண்டாம் என்றா என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வாழப்போகிற வீட்டில் ஒரு பொய்யை வைத்து அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. போகிற இடத்தில் என்றைக்காவது அது மேலே வந்து நாறும். அவர் தொழிலில் அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

"எலக்ட்ரிக்கல் உண்டு. கப்பல் இல்ல, போட்டு," என்றார். "அது போக அங்கன இருக்க கக்கூஸு எல்லாம் என் பொறுப்பு. அடைச்சா எடுப்பேன். பம்பக் கழட்டிக் கழுவுவேன். ரெண்டும் நான்தான் பாக்கேன். முன்னயே சொல்லிட்டா நல்லதுன்னு..."  வேட்டியின் முழங்கால் பக்கத்தை நீவி விட்டுக்கொண்டார்.

காளீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். இசக்கிமணி 'ஓ' என்றார். நல்ல 'ஓ'வா கெட்ட 'ஓ'வா என்று கண்டுபிடிக்க முடியாத ஓ அது. எழுந்து போவதா உட்காருவதா என்று அவருக்கே தெரியவில்லை போலும், மனைவியைப் பார்த்தார். அருண்பாண்டியும் அம்மாவைத்தான் பார்த்தான். வெளியே சாரல் வலுத்து, வேன் கூரையில் சடசடவென்று விழுந்தது.

நாச்சியார் யாரையும் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார்.

"என்ன மைனி, சுண்டவத்தக் கொழம்பா? வாசம் தூக்குது."

காளீஸ்வரி கண்ணைத் திறந்தாள். "எங்களுக்குன்னு வச்சது, வெறும் கொழம்பு. அப்பளங்கூட இன்னும் பொரிக்கல."

"பரவால்ல. எனக்கு ஒரு எலையப் போடுங்க."

இசக்கிமணி, "ஏய், இன்னும் பேசி..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிவேதா கொல்லைக்கு ஓடி, மழையில் நனைந்த ஒரு வாழை இலையை அறுத்துக்கொண்டு வந்தாள். நாச்சியார் சேலையை ஒதுக்கிச் சம்மணம் போட்டுக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார். சோறு விழுந்தது. ஆவி பறந்த அந்தச் சோற்றின் நடுவே நாலு விரலால் ஒரு குழி பறித்துவிட்டு, குழம்புக்காகக் காளீஸ்வரியை நிமிர்ந்து பார்த்தார்.